சதுரங்கப் பேரேடும் சதுரங்கக் கணக்கப்பிள்ளையும்



நம்மவர் பிள்ளைகள் பலர் இப்பொழுது பள்ளிக்கூடங்களில் சதுரங்கம் பயின்று வருகின்றனர். 2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, சிங்கப்பூர் செந்தோசாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ், சீன தேசத்து டிங் லிரனை 7½–6½ என்ற கணக்கில் வென்று பட்டம் பெற்றார். அச்செய்தி கடைத்தெருவை எட்டியபின் பிள்ளைகளின் ஆசை இன்னும் பெருகியது. ஆசை பெருகினால் தகப்பனார் பணப்பையைத் திறக்கவேண்டும் அல்லவா? "வாப்பா, சதுரங்க மென்பொருள் வேண்டும்" என்று பிள்ளை கேட்கிறான். தகப்பனார் விலையை விசாரிக்கிறார். அது என்ன சரக்கு என்று விசாரிப்பவரோ சிலரே.

அரிசி வேண்டும் என்று ஒருவர் நம் கடைக்கு வந்தால், பச்சரிசியா, புழுங்கலரிசியா, பிரியாணிக்கா, கஞ்சிக்கா என்று கேட்டறிந்துதான் அளந்து கொடுக்கிறோம். சதுரங்க மென்பொருள் என்ற ஒரே பெயரின்கீழும் இரண்டு வெவ்வேறு சரக்குகள் உள்ளன. ஒன்று, முன்பு ஆடப்பெற்ற ஆட்டங்களைச் சேர்த்துவைத்துத் தேடித் தருவது. அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர். மற்றொன்று, தானே கணக்கிட்டு ஆடுவது. அதற்கு எஞ்சின் என்று பெயர். இவற்றின் வேற்றுமை அறியாமல் வாங்கினால் பணத்துக்கு நஷ்டம். அறியாமல் உபயோகித்தால் பிள்ளையின் புத்திக்கு நஷ்டம். முன்னதை அடுத்த மாத வியாபாரத்தில் ஈடுசெய்து விடலாம். பின்னதை ஈடுசெய்வது எளிதன்று. ஆதலால் இவ்விரண்டின் தன்மைகளையும் ஒப்பிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடைக்கணக்கில் ஓர் உவமை

ஒரு கடையில் பேரேடும் இருக்கிறது, கணக்கப்பிள்ளையும் இருக்கிறார். பேரேட்டைப் புரட்டினால், சென்ற ரமலானுக்குப் பேரீச்சம்பழம் எத்தனை பெட்டி வந்தது, என்ன விலைக்குப் போயிற்று, யாருக்குக் கடன் கொடுத்தோம், அவர் எத்தனை நாளில் திருப்பிச் செலுத்தினார் என்பதெல்லாம் தெரியும். ஆனால், "இன்று பத்துப் பெட்டி வாங்கலாமா, இருபது வாங்கலாமா?" என்று கேட்டால் பேரேடு வாய் திறவாது. கணக்கப்பிள்ளையோ இன்றைய கொள்முதல், கப்பல் கூலி, கடை வாடகை, கையிருப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, இத்தனை வாங்கினால் இத்தனை வெள்ளி லாபம் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். ஆனால் பத்து வருஷமாக நம்மிடம் சரக்கெடுக்கும் வாடிக்கைக்காரரின் குணம் என்ன என்று கேட்டால், நேற்று வேலைக்கு வந்த கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது.

டேட்டாபேஸ் என்பது பேரேடு. எஞ்சின் என்பது கணக்கப்பிள்ளை. பேரேடு நடந்ததைச் சொல்லும். கணக்கப்பிள்ளை இனி நடக்கக்கூடியதைச் சொல்வார். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருபவை யாவும் எளிதில் விளங்கும்.

பேரேடு வந்த வழி

ஆட்டங்களை ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம், கணிப்பொறி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. 9, 10-ம் நூற்றாண்டுகளில் பாக்தாதில் கலீபாக்களின் சபையிலிருந்த அல்-அத்லீ, அஸ்-ஸூலீ முதலிய வல்லுநர்கள், அக்காலத்து ஷத்ரஞ்ஜ் ஆட்டத்தைப் பற்றி நூல்கள் இயற்றினர். தொடக்கத்தில் காய்களை அணிவகுத்து நிறுத்தும் முறைக்குத் 'தபியா' என்றும், புதிராக அமைந்த நிலைக்கு 'மன்ஸூபா' என்றும் பெயர். 'தபியா' என்ற சொல்லை மேல்நாட்டுச் சதுரங்க ஆசிரியர்கள் இன்றும் வழங்குகின்றனர்.

அஸ்-ஸூலீ வைத்துப்போன புதிர் ஒன்றுக்கு 'ஸூலீயின் வைரம்' என்று பெயர். நிலை ஏட்டில் இருந்தது. விடை ஏட்டில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1980-களில்தான் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதற்கு விடை கண்டார். ஏடு ஒரு நிலையைக் காப்பாற்றித் தரும். விடை காண்பதற்கு ஒருவர் உட்கார்ந்து கணக்கிடவேண்டும். நாம் பேசவந்த வேற்றுமை இந்த ஒரு புதிரிலேயே அடங்கியிருக்கிறது.

பிற்காலத்தில், 1966-ம் ஆண்டு யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடு நகரில் 'இன்ஃபர்மேட்டர்' என்னும் ஆட்டத் தொகுதி வெளிவரத் தொடங்கியது. அவர்கள் வகுத்த முறைப்படி, ஆட்டத் தொடக்கங்கள் யாவும் ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவுகளாகவும், பிரிவுக்கு 100 வீதம் 500 எண்களாகவும் வகைப்படுத்தப்பட்டன. நம் கடையில் சரக்குக்கு எண் போட்டு அலமாரியில் அடுக்குவது போன்றது இது. இன்றைய டேட்டாபேஸ்களும் அந்த எண்களையே கையாளுகின்றன.

1987-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'செஸ்பேஸ்' என்ற மென்பொருள் தோன்றி, ஏட்டிலிருந்த பேரேடு கணிப்பொறிக்குள் புகுந்தது. அதன் வலிமையை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 1985-ல் கேரி காஸ்பரோவ் ஹாம்பர்க் கழகத்தின் எட்டு ஆட்டக்காரர்களை ஒரே நேரத்தில் எதிர்த்து ஆடி, 3½–4½ என்ற கணக்கில் தோற்றார். 1987-ல் மறுபடியும் அக்கழகத்தோடு ஆடுமுன், செஸ்பேஸின் துணையால் எதிராளிகளின் பழைய ஆட்டங்களைப் பார்த்து வைத்துக்கொண்டார். இம்முறை 7–1 என்று வென்றார். இதில் கணக்கப்பிள்ளைக்கு வேலையே இல்லை. எதிரில் உட்காருகிறவர் யார், எதை விரும்புவார், எதில் தடுமாறுவார் என்று பேரேடு சொன்னதே போதுமானதாயிற்று.

பேரேடு செய்யும் வேலைகள்

1. சேமிப்பு: நாம் ஆடிய ஆட்டம், பிறர் ஆடிய ஆட்டம் ஆகியவற்றை வரிசைப்படுத்தி வைக்கும். 1993-ல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பவர் வகுத்த 'பிஜிஎன்' என்னும் எழுத்துமுறையில் ஆட்டங்கள் பதிவாகின்றன. ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றிலும் திறந்து படிக்கலாம்.

2. தேடல்: ஆட்டக்காரர் பெயர், ஆண்டு, போட்டி, தொடக்க எண் ஆகியவற்றால் தேடலாம். பலகையில் ஒரு நிலையை வைத்து, "இந்த நிலை எந்தெந்த ஆட்டத்தில் வந்தது?" என்றும் கேட்கலாம். இரு பக்கமும் யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டங்களைத் தனியே பொறுக்கியும் எடுக்கலாம்.

3. விகிதம்: ஒரு நிலையிலிருந்து எந்த நகர்த்தலை எத்தனை பேர் ஆடினர், அதில் வெற்றி எவ்வளவு, தோல்வி எவ்வளவு, சமன் எவ்வளவு என்று கூட்டிக் காட்டும்.

4. எதிராளியை அறிதல்: நாளை எதிர்த்து ஆடவேண்டியவரின் ஆட்டங்கள் பதிவாகியிருந்தால், அவர் வழக்கமாக எப்படித் தொடங்குவார் என்று முன்கூட்டியே காணலாம்.

5. குறிப்பெழுதுதல்: ஒவ்வொரு நகர்த்தலின் பக்கத்திலும் நம் எண்ணத்தை எழுதி வைக்கலாம், வேறு வழிகளையும் கிளைகளாகக் குறிக்கலாம். பயில்கிறவனுக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய லாபம் என்பது என் கருத்து.

செஸ்பேஸ் நிறுவனத்தார் விற்கும் 'மெகா டேட்டாபேஸ்' தொகுதியில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் உள்ளன. இலவசமாக வேண்டுவோருக்கு, ஷேன் ஹட்சன் என்பவர் தொடங்கிய 'ஸ்கிட்' என்ற மென்பொருள் இருக்கிறது. மார்க் குரோதர் 1994 முதல் நடத்திவரும் 'வாரச் சதுரங்கம்' என்னும் வெளியீட்டிலிருந்து வாரந்தோறும் புதிய ஆட்டங்களை எடுத்து அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

பேரேட்டின் குறைகள்

எழுதினவன் பிழைவிட்டால் பேரேடும் பிழைபடும். முதற் சங்கடம் பெயரில் வருகிறது. முன்னாள் உலக சாம்பியன் ஆனந்தின் சொந்தப் பெயர் ஆனந்த். விசுவநாதன் என்பது தகப்பனார் பெயர். மேல்நாட்டுப் பேரேடுகளிலோ ஆனந்த் என்பதே குடும்பப் பெயர்போல முன்னால் நிற்கிறது. முகம்மது என்ற பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதைப் பாஸ்போர்ட் எடுத்த நம்மவர் யாவரும் அறிவர். ஒரே பிள்ளை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆட்களாகப் பதிவாகிவிட்டால், அவனுடைய ஆட்டங்கள் மூன்று கணக்கில் சிதறிக் கிடக்கும். ஆகவே உலகச் சதுரங்க சம்மேளனமாகிய 'ஃபீடே' கொடுக்கும் பதிவு எண்ணைக் கொண்டு தேடுவது நல்லது.

இரண்டாவது சங்கடம் விகிதத்தில் வருகிறது. ஒரு வாடிக்கைக்காரர் பத்து வருஷம் தவணை தவறாமல் பணம் கட்டினார். போன மாதம் கடையை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டைக் கூட்டிப்பார்த்தால் அவர் இன்னும் நல்ல வாடிக்கைக்காரராகவே தோன்றுவார். அவ்வாறே, நூறு ஆட்டங்களில் நல்ல பலன் கொடுத்த ஒரு நகர்த்தலுக்கு, சென்ற மாதம் ஒருவர் சரியான மறுப்புக் கண்டிருக்கலாம். கூட்டுத்தொகையில் அந்த ஓர் ஆட்டம் மறைந்துபோகும். அன்றியும், வல்லவர் எளியவரோடு ஆடி வென்ற ஆட்டங்கள் அதிகமிருந்தால், நகர்த்தலின் சிறப்பால் வந்த வெற்றியா, ஆளின் சிறப்பால் வந்த வெற்றியா என்று விகிதம் பிரித்துச் சொல்லாது.

கணக்கப்பிள்ளை வந்த வழி

இங்கிலாந்தின் ஆலன் டூரிங், சதுரங்கம் ஆடும் விதிகளைக் காகிதத்தில் எழுதி, 1952-ல் தாமே கணிப்பொறியின் இடத்தில் உட்கார்ந்து கணக்கிட்டு ஒருவரோடு ஆடிப் பார்த்தார். அந்தக் காகித இயந்திரம் தோற்றது. அமெரிக்காவின் கிளாட் ஷானன் 1950-ல் வெளியிட்ட கட்டுரையில், கணிப்பொறி எவ்வாறு சதுரங்கம் ஆடலாம் என்று முறையாக விளக்கியிருந்தார். 1996-ல் ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் புளூ' காஸ்பரோவிடம் 2–4 என்று தோற்று, 1997 மே மாதம் நியூயார்க்கில் 3½–2½ என்று வென்றது. அது வினாடிக்கு 20 கோடி நிலைகளைக் கணக்கிட்டது. அதற்கும் 700,000 ஆட்டங்கள் அடங்கிய பேரேடு ஒன்று துணையிருந்தது.

2017 டிசம்பரில் வெளிவந்த 'ஆல்ஃபாஸீரோ' பற்றிய செய்தி வேறு விதமானது. மனிதர் ஆடிய ஒரு பேரேட்டையும் அது பார்க்கவில்லை. விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிப் பழகிற்று. பின்னர் 'ஸ்டாக்ஃபிஷ் 8' என்ற எஞ்சினோடு நூறு ஆட்டம் ஆடி, 28-ல் வென்று 72-ல் சமன் செய்தது. அப்போட்டியின் நிபந்தனைகளைப் பற்றி விவாதம் எழுந்தபோதிலும், பேரேடின்றியும் கணக்கப்பிள்ளை வளரலாம் என்பது தெளிவாயிற்று.

கணக்கப்பிள்ளை கணக்கிடும் விதம்

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு. கறுப்பு ஒரு தடவை பதிலளித்ததும் 400 விதங்கள் ஆகின்றன. இருபக்கமும் இரண்டிரண்டு தடவை ஆடியபின் 197,281 விதங்கள். வெள்ளை இன்னும் ஒரு தடவை ஆடினால் 4,865,609 விதங்கள்! இத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்ப்பது வீண்வேலை. ஆகவே எஞ்சின் ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு சரக்கை வாங்கினால் கையிலுள்ள மற்றொரு பேரத்தைவிட லாபம் குறைவு என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு குறைவு என்று கடைசிக் காசுவரை நாம் கணக்கிடுவதில்லை. தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். எஞ்சினும் அவ்விதமே பயனற்ற கிளைகளை வெட்டிவிட்டு, பயனுள்ள கிளையில் ஆழமாய்ப் போகிறது.

கிளையின் முனையில் அந்த நிலைக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. +1.00 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவு மேன்மை என்பது பழைய கணக்கு. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1.00 என்றால் வெள்ளை வெல்லும் வாய்ப்புச் சரிபாதி என்று பொருள் மாற்றியிருக்கின்றனர். பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய எஞ்சினைப் படிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் போடும் முறையும் மாறிவிட்டது. ஜப்பானியரின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு என்பவர் 2018-ல் வகுத்த நரம்புவலை முறையை, 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 ஏற்றுக்கொண்டது.

எஞ்சினால் ஆகும் காரியங்கள் யாவை? எந்த நிலையிலும் சிறந்த நகர்த்தல் இன்னது, அதன் தொடர்ச்சி இன்னது என்று காட்டும். முதல் வழியோடு இரண்டாவது, மூன்றாவது வழிகளையும் வரிசையாகக் காட்டும். ஆடி முடித்த ஆட்டத்தை முழுதும் சோதித்துப் பிழைகளைக் குறித்துக் கொடுக்கும். வலிமையைக் குறைத்து வைத்தால் பழகுவதற்கு எதிராளியாகவும் அமரும். ஸ்டாக்ஃபிஷில் 0 முதல் 20 வரை படிகள் உண்டு.

கணக்கப்பிள்ளையின் குறைகள்

முதலாவது, தொகையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. "இந்த நகர்த்தல் –2.30" என்று காட்டினால் தவறு என்று தெரிகிறது, ஏன் தவறு என்பதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்கவேண்டும். இரண்டாவது, எதிரில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. எதிராளி எப்பொழுதும் மிகச் சிறந்த பதிலையே ஆடுவார் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. 0.00 என்று அது சொல்லும் நிலையில், ஒருவருக்கு நடை எளிதாகவும், மற்றவருக்கு ஒரே ஒரு வழி தவிர மற்றதெல்லாம் பள்ளமாகவும் இருக்கலாம். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றல்ல.

இரண்டும் கலந்த மூன்றாவது ஏடு

காய்கள் குறைந்த முடிவு நிலைகளுக்கு 'டேபிள்பேஸ்' என்று ஒன்று உண்டு. அது கணக்கப்பிள்ளை முழுவதையும் கணக்கிட்டு முடித்துப் பேரேட்டில் ஏற்றிவைத்தது போன்றது. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளுக்கு அதில் ஊகம் இல்லை. வெற்றியா, தோல்வியா, சமனா என்று அறுதியிட்டுச் சொல்லும். 2012-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பெருங்கணிப்பொறியில் செய்த 'லோமனோசோவ்' ஏட்டில், 549 நகர்த்தல்களில்தான் முடியும் ஒரு நிலையும் காணப்பட்டது. ரொனால்ட் டி மான் வகுத்த 'ஸிஸிஜி' ஏட்டில், ஐந்து காய் வரைக்குமான பகுதி சாதாரணக் கணிப்பொறியிலேயே அடங்கும் அளவு சிறியது.

ஒரே நிலையை மூன்றிடத்திலும் கேட்டால்

செந்தோசாவில் நடந்த கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இருபக்கமும் யானையும் மந்திரியும் இருந்தன. கறுப்புக் காய் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். 55-வது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை வெட்டி, மந்திரிக்கு மந்திரியும் மாற்றிக்கொண்டார். ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்நிலையைப் பேரேட்டில் தேடினால், இத்தகைய முடிவுகளை முன்னோர் எப்படிக் காத்து ஆடினர் என்ற உதாரணங்கள் கிடைக்கும். எஞ்சினைக் கேட்டால், 55-வது நகர்த்தலுக்கு முன் ஏறக்குறைய சமன், அதன்பின் தோல்வி என்று கணப்பொழுதில் காட்டிவிடும். காய்கள் மாறிய பிறகு மிஞ்சியவை ஏழுக்கும் குறைவு. ஆகவே டேபிள்பேஸ் தீர்ப்பே சொல்லிவிடும். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆடிக் களைத்த ஒருவர் ஏன் அந்த நகர்த்தலைத் தேர்ந்தார் என்ற கேள்விக்கு மூன்றும் மௌனம். அந்தக் கேள்வியைப் பலகையின் முன் உட்கார்ந்து சிந்திக்கிறவனே ஆட்டக்காரன் ஆகிறான்.

சில ஐயங்களும் விடைகளும்

வினா: "நானா, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?"

விடை: எஞ்சினுக்குப் பணம் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை, தம்பி. ஸ்டாக்ஃபிஷ் இலவசம், மூலநிரலும் யாவருக்கும் திறந்தே கிடக்கிறது. அது பலகை இல்லாமல் வரும். 2000-ம் ஆண்டு ஏற்பட்ட 'யுசிஐ' என்ற பொதுமுறையினால், ஸ்கிட் போன்ற டேட்டாபேஸ் மென்பொருளோடு அதைப் பொருத்திக்கொள்ளலாம். தொடக்கக்காரப் பிள்ளைக்கு இவ்விரண்டும் தாராளம்.

வினா: "அப்படியானால் செஸ்பேஸ் யாருக்கு?"

விடை: அடிக்கடி போட்டிகளுக்குப் போய், எதிராளிகளின் ஆட்டங்களைத் தேடித் தயார்செய்யும் நிலைக்கு வந்தவர்க்கு. விலை கொடுப்பது பெரும்பாலும் ஒழுங்குபடுத்தித் திருத்திய பேரேட்டுக்கும், தேடும் வசதிக்கும் என்று தெரிந்து கொடுக்கவேண்டும். அது விண்டோஸ் கணிப்பொறியில் ஓடுவது என்பதையும் வாங்குமுன் கவனிக்க.

வினா: "பெட்டியின்மேல் 'உலகின் பலமான எஞ்சின்' என்று போட்டிருக்கிறதே?"

விடை: உள்ளே இருப்பது யாருடைய சரக்கு என்று கேளுங்கள். 2021 ஜூலையில் ஸ்டாக்ஃபிஷ் ஆசிரியர்கள் செஸ்பேஸ் நிறுவனத்தின்மீது ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தனர். 'ஃபாட் ஃபிரிட்ஸ் 2', 'ஹூடினி 6' ஆகிய விலைச் சரக்குகளில் தங்கள் நிரல் இருக்கிறது என்றும், உரிமப்படி வாங்குவோர்க்குச் செய்யவேண்டிய கடமைகள் செய்யப்படவில்லை என்றும் அவர்கள் முறையிட்டனர். 2022 நவம்பரில் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய மென்பொருளை ஓராண்டு விற்பதில்லை என்றும், இலவச மென்பொருள் உரிமங்களைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமிப்பது என்றும் அதில் ஏற்பாடாயிற்று. இலவசச் சரக்கை வைத்தும் ஒருவர் வியாபாரம் செய்யலாம். சரக்கின் ஊரையும் பேரையும் மறைக்கக்கூடாது. தராசு பிடிக்கும் நமக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

வினா: "பிள்ளை எஞ்சினைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறான். முன்னேறுவானா?"

விடை: வாய்ப்பாடு படிக்குமுன் கால்குலேட்டரைக் கையில் வாங்கிய பிள்ளையை கல்லாவில் உட்கார வைத்துப் பாருங்கள். பொத்தானை மாற்றி அழுத்தி, 12 வெள்ளிச் சரக்குக்கு 120 வெள்ளி என்று வந்தாலும் அவனுக்குச் சந்தேகம் வராது. விடை தவறு என்று மனம் உறுத்துவதற்குக் கொஞ்சமாவது சொந்தக் கணக்கு உள்ளே இருக்கவேண்டும். குகேஷின் பயிற்சியாளராயிருந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரை எஞ்சின் உதவியின்றியே பயிற்றியதாகப் பகிரங்கமாய்ச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

உபயோகிக்கும் ஒழுங்கு

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இவ்வரிசையைப் பழக்குவது நன்று.

முதலில், ஆடிய ஆட்டத்தைக் கையால் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றவேண்டும். வென்ற ஆட்டத்தை மட்டும் ஏற்றித் தோற்றதை விட்டுவிடக்கூடாது. வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்கு கணக்காகாது.

இரண்டாவது, எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு, எங்கே தடம் மாறியது, அப்போது என்ன நினைத்தேன் என்று தன் வார்த்தையில் குறிப்பெழுத வேண்டும்.

மூன்றாவது, பேரேட்டில் அதே தொடக்கத்தைப் பெரிய ஆட்டக்காரர்கள் எப்படி ஆடினர் என்று இரண்டு மூன்று ஆட்டங்களை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது.

நான்காவதாகத்தான் எஞ்சினைத் திறக்கவேண்டும். அது சொன்னதும், தான் எழுதியதும் எங்கே மாறுபடுகின்றன என்று ஒப்பிட வேண்டும். மாறுபடும் இடமே அன்றைய பாடம்.

ஐந்தாவது, போட்டி நடக்கும்போது எஞ்சின் அறவே கூடாது. ஃபீடே விதிப்படி, நடுவர் அனுமதியாத மின்கருவியை ஆட்டக்காரர் போட்டி நடக்கும் இடத்தில் வைத்திருப்பது குற்றம். பொதுவாக அந்த ஆட்டமே தோல்வியாகும். 2019-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஆட்டத்தின் நடுவே கைப்பேசியோடு பிடிபட்ட ஒரு கிராண்ட்மாஸ்டர், பட்டத்தை இழந்து ஆறு ஆண்டுத் தடையும் பெற்றார். பல்லாண்டு தேடிய பெயர் ஒரே நாளில் போயிற்று.

கணக்கப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும், பேரேடு எவ்வளவு தடிப்பாயிருந்தாலும், கடையை நடத்துகிறவர் முதலாளியே. பேரேட்டைத் தாமே புரட்டத் தெரியாத முதலாளியும், கணக்கப்பிள்ளை சொன்னதைச் சரிபார்க்கத் தெரியாத முதலாளியும் கடையை நெடுங்காலம் காப்பாற்றியதில்லை. சதுரங்கப் பலகையின் முன் நம் பிள்ளைதான் முதலாளி. அவன் பக்கத்தில் பேரேட்டையும் கணக்கப்பிள்ளையையும் அமர்த்துவது தகப்பனாரின் கடமையாக இருக்கலாம். அவனுடைய நாற்காலியில் அவர்களை உட்கார வைத்துவிடலாகாது என்பதை வியாபார அன்பர்கள் கவனத்தில் வைப்பார்களாக.